60 பேர், 12,000 ரூபாய், ஒரு வீட்டு விருந்து: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு விடுவது

செங்கோட்டைப் பக்கம் இருக்கிறோம். மலைக்கு இந்தப் பக்கம் பாதி சொந்தம், அந்தப் பக்கம் கேரளாவில் புனலூர், கொல்லம் வரைக்கும் பாதி சொந்தம். பிறந்தநாள், காதுகுத்து, வளைகாப்பு, பால்காய்ப்பு என்று வீட்டிலேயே ஏழெட்டு விசேஷம் நடத்திப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். அக்கம்பக்கத்தில் புதிதாக நடத்தியவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்பதையும் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். சமையல் தெரியாமல் யாரும் சறுக்கவில்லை. வரிசை மாறியதில்தான் சறுக்கினார்கள். மெனுவை முதலில் முடிவு செய்கிறார்கள், அப்புறம் ஆளைக் கூப்பிடுகிறார்கள், கடைசியில் பணத்தை எண்ணுகிறார்கள். இதை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் பாதிச் செலவு குறைந்துவிடும்.

கீழே உள்ள கணக்கெல்லாம் 60 பேருக்கு, சைவ விருந்துக்கு. ரூபாய்க் கணக்கு எங்கள் ஊர் நிலவரம், உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

1. பணத்தைப் பத்துப் பங்காகப் பிரியுங்கள்

12,000 ரூபாய் என்றால் ஒரு பங்கு 1,200. ஐந்து பங்கு சாப்பாட்டுச் சாமானுக்கு, இரண்டு பங்கு சமையல் கூலிக்கு, ஒரு பங்கு பாத்திரம், சேர் வாடகைக்கு, ஒரு பங்கு இலை, விறகு அல்லது கேஸ், தண்ணீர், ஆட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து. மிச்சம் ஒரு பங்கைத் தனிக் கவரில் போட்டு, வீட்டில் யார் கெட்டியான ஆளோ அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம், சாமான் செலவு எல்லோருக்கும் கண்ணில் படும், ஆட்டோவும் ஐஸும் தீப்பெட்டியும் கண்ணில் படாது. கடைசி நாளில் 50, 100 என்று போவதைக் கூட்டிப் பார்த்தால் ஆயிரம் ரூபாய் தாண்டியிருக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், மொய்யை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வந்தால் அது நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அதை நம்பிப் பந்தல்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, விருந்து முடியும் முன்னே கவரைப் பிரித்துப் பார்க்கும் நிலைமைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

2. ஆள் கணக்கை எண்ணாக வாங்குங்கள்

"குடும்பத்தோட வந்துருங்க" என்று சொல்லவே கூடாது. என் மகளின் முதல் பிறந்தநாளுக்கு நான் அப்படித்தான் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டேன், 40 பேர் என்று நினைத்தேன், 70 பேர் வந்தார்கள். சாம்பாரில் வெந்நீர் ஊற்றி ஊற்றி மூன்றாம் பந்தியில் அது ரசமாகியிருந்தது. வந்தவர்கள் மேல் தப்பில்லை, மலையைத் தாண்டி வருகிறவர்கள் தனியாக வரமாட்டார்கள், வேன் பிடித்தால் பன்னிரண்டு பேர் ஏறினால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். நான்தான் கேட்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்யுங்கள். "நீங்க எத்தனை பேரு வர்றீங்க, இலை எண்ணணும்" என்று நேராகக் கேளுங்கள். இலையைச் சொல்லிக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு நோட்டில் வீட்டுக்கு ஒரு வரி: பெரியவர் எத்தனை, பத்து வயதுக்குக் கீழே எத்தனை. பிள்ளைகளைப் பாதியாகக் கணக்கில் எடுங்கள். மொத்தத்தோடு பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். சமையல்காரர், பரிமாறுகிறவர்கள், வேன் டிரைவர் இவர்களையும் எண்ண வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது டிரைவர்தான்.

இந்த எண் கைக்கு வரும்வரை மெனுவைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்காதீர்கள். பேச ஆரம்பித்தால் அவியல் வந்துவிடும், பின்னாலேயே பச்சடி வரும், இரண்டு பாயசமும் வரும். அப்புறம் எதையும் கீழே இறக்க முடியாது.

3. நாளைத் தேர்ந்தெடுப்பதிலேயே காசு இருக்கிறது

இது எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கான விஷயம். நம் ஊர்க் காய்கறி மலையேறிப் போகிற ஊர்க் காய்கறி. ஓணத்துக்கு முந்தின பத்து நாளில் பாவூர்சத்திரம் சந்தையில் இருந்து லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகும், அந்த நாட்களில் காய், வாழைத்தார், இலை, பூ எல்லாமே விலை ஏறும். அத்தப்பூக் கோலத்துக்கு அங்கே பூ வேண்டும் என்பதால் நம் வீட்டு வாசலில் கட்டுகிற செவ்வந்திச் சரத்துக்கும் நாம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். விசேஷத்தைத் திருவோணத்துக்கு ஒரு வாரம் பின்னால் தள்ளினாலே இலைக்கட்டில் வித்தியாசம் தெரியும்.

ஆவணி முகூர்த்த நாட்களிலும் இதே கதைதான். இங்கே ஆவணி, அங்கே சிங்ஙம், இரண்டு பக்கமும் கல்யாணம். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல சமையல்காரர் கிடைக்கமாட்டார், கிடைத்தாலும் 60 பேர் விருந்துக்கு வரமாட்டார்.

ஆடி மாதம் (அவர்களுக்குக் கர்க்கடகம்) கல்யாணம் இல்லை, ஆகையால் சமையல்காரரும் பாத்திரக் கடைக்காரரும் சும்மா இருப்பார்கள், பேரம் படியும். பிறந்தநாளுக்கு ஆடி பார்க்காத வீடு என்றால் இதுதான் சிக்கனமான மாதம். ஆனால் குற்றால சீசன் அதே நேரத்தில்தான். சாரல் அடிக்கும், கணவாய் வழியாக வருகிற காற்று மொட்டைமாடிப் பந்தலைத் தூக்கிவிடும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை, எங்கள் தெருவில் ஒரு சாமியானா அடுத்த வீட்டுத் தென்னையில் போய் மாட்டிக்கொண்டு நின்றது. ஆடியில் வைப்பதானால் வீட்டுக்குள்ளே, திண்ணையில், ஓடு போட்ட இடத்தில் வையுங்கள். பந்தல் செலவும் மிச்சம்.

கார்த்திகை, மார்கழியில் பாதிப் பேர் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்கள். அசைவம் என்ற பேச்சே வேண்டாம். ஆரியங்காவு, அச்சன்கோவில் பாதையில் பக்தர் கூட்டமும் இருக்கும், அந்தப் பக்கத்துச் சொந்தம் வந்து சேரத் தாமதமாகும்.

4. நேரத்தை முடிவு செய்தால் மெனு தானாக வரும்

மதியம் பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டால் முழுச் சாப்பாடு போட்டே ஆக வேண்டும். சாயங்காலம் ஐந்துக்குக் கூப்பிட்டால் டிபன் போதும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். டிபனில் வகைகள் குறைவு, நறுக்குகிற வேலை குறைவு, இலையும் சின்ன இலை போதும்.

அப்படியானால் எல்லோரும் சாயங்காலமே வைக்கலாமே என்றால், அங்கேதான் மலை குறுக்கே வருகிறது. கொல்லம் பக்கம் இருந்து ரயிலில் வருகிறவர்களுக்குத் திரும்பிப் போகிற ரயில் நேரம் முக்கியம். வேனில் வருகிறவர்கள் இருட்டில் ஆரியங்காவு, தென்மலை வளைவுகளில் இறங்க விரும்பமாட்டார்கள். உங்கள் நோட்டைப் பாருங்கள்: மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தப் பக்கத்து ஆட்கள் என்றால் மதியம், இல்லையென்றால் சாயங்காலம். ரயில் நேரத்தை அந்த வாரத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினொரு மணிக்கு வரச் சொல்லிவிட்டு ஒன்றரைக்குச் சாப்பாடு போடுவது வேண்டவே வேண்டாம். நடுவில் காபி, பிஸ்கட், மறுபடி காபி என்று ஒரு தனிச் செலவு முளைக்கும்.

5. மெனுவும் அளவும்

*மதியம் என்றால் சொதி.* திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் மறுநாள் போடுகிற, தேங்காய்ப்பாலில் காய் வேகவைத்த அதே சொதிதான். இதைச் சிபாரிசு செய்வதற்குக் காரணம், சொதி வைத்தால் தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கும் போதும், நாலு கூட்டு பொரியல் கேட்காது. தேங்காய்ப்பால் என்பதால் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் வாய்க்குப் பழகிய ருசி, அவர்கள் இதை இஷ்டுவின் (அவர்கள் ஊர் ஸ்டூ) தங்கச்சி மாதிரி நினைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள்.

60 பேருக்கு: பச்சரிசியோ புழுங்கலோ 6 கிலோ, பாசிப்பருப்பு முக்கால் கிலோ, தேங்காய் 15, கேரட், பீன்ஸ், பட்டாணி, உருளை, முருங்கைக்காய் எல்லாம் சேர்த்து 6 கிலோ. இஞ்சி அரைக் கிலோ. பொரியலுக்கு உருளை 5 கிலோ. அப்பளம் 90, ஏனென்றால் பிள்ளைகள் இரண்டு எடுப்பார்கள். ரசம், மோர். பாலில் சேமியா பாயசம்: பால் 6 லிட்டர், சேமியா 700 கிராம், சீனி ஒன்றேகால் கிலோ, ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர் வரும்.

சொதியில் புதியவர்கள் செய்கிற தப்பு ஒன்றே ஒன்று. காய்களைப் பருப்போடு இரண்டாம், மூன்றாம் பாலில் வேகவிட வேண்டும். கெட்டியான முதல் பால் கடைசியில், ஊற்றி நுரை கூடினதும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சை இறக்கிய பிறகுதான். முதல் பந்திக்கு ஒரு மணி நேரம் முன்னால் முதல் பால் சேர்த்தால் போதும், காலை ஒன்பதுக்கே முடித்து வைத்துவிட்டால் மதியம் புளித்துப்போகும்.

தேங்காய் விலை எகிறிக் கிடக்கிற சமயம் என்றால் சொதியை விடுங்கள், துவரம்பருப்பு ஒன்றரைக் கிலோவில் சாம்பார், ஒரு கூட்டு, ஒரு பொரியல் என்று போய்விடுங்கள். கௌரவம் ஒன்றும் குறையாது.

அரிசி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அந்தப் பக்கத்துச் சொந்தத்துக்காக மட்டை அரிசியும் (கேரளச் சிவப்பரிசி) கொஞ்சம் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அது வேக அதிக நேரம், தண்ணீர் அதிகம், தனி உலை வேண்டும். வெள்ளை அரிசி அண்டாவுக்குப் பக்கத்தில் இன்னொரு அடுப்பு, இன்னொரு ஆள். 60 பேர் விருந்தில் இது வேண்டாம், வெறும் புழுங்கலரிசியே இரண்டு பக்கத்துக்கும் போதும்.

*சாயங்காலம் என்றால் இட்லி, வடை, கேசரி.* ஆளுக்கு நாலு இட்லி, 240. ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் 50, 55 இட்லி கிடைக்கும், ஆகவே அரிசி நாலரைக் கிலோ, உளுந்து ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கேசரிக்கு ரவை ஒரு கிலோ, சீனி இரண்டு கிலோ. காபிக்குப் பால் 4 லிட்டர்.

மாவு ஆட்ட முடியாத வீடுகளுக்குப் பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகள் இருக்கின்றன. பரோட்டா மட்டும் கடையில் சொல்லிவிட்டு சால்னாவை வீட்டில் வையுங்கள், கடைச் செலவில் பாதி சால்னாவிலும் பக்கத்து அயிட்டத்திலும்தான் போகும். ஆளுக்கு மூன்று, மொத்தம் 180, ஆனால் ஒரே தடவையில் வாங்கிவிடாதீர்கள். பாதி ஐந்தரைக்கு, பாதி ஆறரைக்கு. ஒரு மணி நேரம் தாண்டின பரோட்டா தோல் மாதிரி ஆகிவிடும், பாதியைப் பிய்த்துவிட்டு இலையில் வைத்துவிடுவார்கள்.

6. தவசிப்பிள்ளையிடம் (சமையல்காரரிடம்) பேச வேண்டியதை எல்லாம் அட்வான்ஸுக்கு முன்னால் பேசுங்கள்

இருபது நாள் முன்னதாகப் போய்ப் பேசுங்கள். கூலி எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள், அது போதாது. உதவிக்கு எத்தனை பேர், அவர்கள் கூலி இதில் அடக்கமா, காய் நறுக்குவது அவர்களா நாமா, தேங்காய் துருவுவது யார், அடுப்பு அவருடையதா, எத்தனை மணிக்கு வருவார், எத்தனை அயிட்டம். காய் நறுக்குவதை வீட்டிலேயே முந்தின நாள் ராத்திரி வைத்துக்கொண்டால் ஒரு ஆள் கூலி மிச்சம், அத்தை சித்தி எல்லோரும் கூடிப் பேசிக்கொண்டே முடித்துவிடுவார்கள். உருளையை மட்டும் நறுக்கினதும் தண்ணீரில் போடுங்கள், இல்லையென்றால் கறுத்துவிடும்.

அவர் ஒரு சாமான் சிட்டை தருவார். அதை அப்படியே கடையில் நீட்டாதீர்கள். சமையல்காரர் எப்போதும் கூடுதலாகத்தான் எழுதுவார், பற்றாமல் போனால் பழி அவர் மேல் வருமே. முந்திரி, நெய், எண்ணெய், சீனி இந்த நாலில்தான் அதிகம் ஏறும். மேலே கொடுத்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து, "அண்ணாச்சி, இது எதுக்கு இவ்வளவு?" என்று பொறுமையாகக் கேளுங்கள். காரணம் சொன்னால் விடுங்கள், சிரித்தால் குறைத்துவிடுங்கள்.

பாத்திரம் எடுக்கும்போது எண்ணி எடுங்கள், அங்கேயே ஒரு போட்டோ. அண்டா இரண்டு, சொதிக்கு ஒரு பெரிய சட்டி, சோறு வடிக்கக் கண்கூடை, கரண்டி நாலு, ஜல்லிக்கரண்டி ஒன்று, பரிமாற வாளி ஆறு, டம்ளர் 70. நசுங்கின இடம் இருந்தால் கடைக்காரரிடம் காட்டிவிட்டு எடுங்கள். எனக்கு ஒரு தடவை, நான் தொடவே தொடாத நசுங்கலுக்கு 300 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

சேர் 60 எடுக்க வேண்டாம், 35 போதும். காரணம் ஒன்பதாவதில் வரும்.

7. சாமான் வாங்கும் வரிசை

பத்து நாள் முன்னால் மளிகை. அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி கெடாது, அவசரம் இல்லாமல் இரண்டு கடை விலை கேட்கலாம். விசேஷத்துக்கு முந்தின நாள் போனால் ஒரே கடையில் கேட்ட விலைக்கு வாங்க வேண்டியதுதான்.

இரண்டு நாள் முன்னால் பாலுக்குச் சொல்லுங்கள், தேங்காய் வாங்கி ஒன்றை உடைத்துப் பாருங்கள். முந்தின நாள் காலையில் காய். முந்தின ராத்திரி மோருக்கு 3 லிட்டர் பால் உறை ஊற்றுங்கள். இலை அன்று காலையில்தான், முன்னதாக வாங்கினால் மடிப்பில் பழுத்துக் கிழியும். 60 பேருக்கு 70 இலை.

காய்க்குப் பாவூர்சத்திரம் போகலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் கணக்கு மொத்தம் 12 கிலோ சொச்சம்தான். மொத்தச் சந்தைக்கு ஆட்டோ வைத்துப் போய்வந்தால் மிச்சப்படுத்தினதை ஆட்டோவுக்கே கொடுத்துவிட்டு வருவீர்கள். தென்காசி உழவர் சந்தையில் காலையிலேயே போனால் போதும். 200 பேருக்கு மேல் என்றால் பாவூர்சத்திரம் சரி.

தண்ணீர் 20 லிட்டர் கேன் 4. பிளாஸ்டிக் கப்பும் பிளாஸ்டிக் பூச்சுப் பேப்பர் தட்டும் வாங்காதீர்கள், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலே தடை. வாடகை டம்ளர் இருக்கிறதே.

8. அலங்காரம், கேக்

தென்னங்குருத்தில் தோரணம், வாசலில் இரண்டு வாழைக்கன்று, நல்லதாக ஒரு மாக்கோலம். அதற்கு மேல் வேண்டாம். பலூன் வளைவுக்குக் கொடுக்கிற பணத்தில் பாயசத்துக்குப் பால் முழுவதும் வந்துவிடும்.

கேக் அரைக் கிலோ. வெட்டுவதற்கும் போட்டோவுக்கும் பிள்ளைகள் வாய்க்கும் அது போதும். மூன்று கிலோ வாங்கி, சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோருக்கும் கொடுத்து, அப்புறம் பாயசத்தை யாரும் தொடவில்லை என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு.

9. பந்தி

தட்டை எடுத்துக்கொண்டு அவரவர் போட்டுக்கொள்கிற முறை வசதிதான், ஆனால் சாப்பாடு கால் பங்கு கூடுதலாகப் போகும். அவரவர் போட்டுக்கொள்ளும்போது கை நிற்காது, மிச்சமும் வீணாகும். பந்தியில் கரண்டி நம் கையில். கொஞ்சமாக வைத்துவிட்டு இரண்டாவது தடவை கேட்டுப் போடலாம், கேட்டுப் போடுவதில்தான் மரியாதையும் இருக்கிறது.

ஒரு பந்திக்கு 20 பேர், மூன்று பந்தி. ஒரு பந்தி அரை மணி நேரம். அதனால்தான் 35 சேர்: 20 பேர் சாப்பிட, 15 பேர் காத்திருக்க, மற்றவர்கள் திண்ணையிலும் ஜமுக்காளத்திலும். முதல் பந்தியில் பிள்ளைகள், வயதானவர்கள், ரயிலுக்குப் போக வேண்டியவர்கள். வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்தி, இதில் பேச்சே இல்லை.

பரிமாற நாலு பேர் வேண்டும், யார் எதை எடுப்பது என்பது முன்கூட்டியே முடிவாக வேண்டும். அப்பளமும் பாயசமும் பெரியவர் ஒருவர் கையில் இருக்கட்டும். பதினைந்து வயசுப் பையனிடம் பாயச வாளியைக் கொடுத்தால் அவனுடைய கூட்டாளிகள் இலையில்தான் பாதி போகும்.

மூன்று பந்திக்கும் வாளிகளை ஆரம்பத்திலேயே பிரித்து வையுங்கள். கேரட் பட்டாணியெல்லாம் முதல் பந்திக்குப் போய் மூன்றாம் பந்திக்கு வெறும் சாறு மிஞ்சுவது இதனால்தான் நடக்கிறது.

பாயசம் எப்போது என்று ஒரு சின்னச் சண்டை வரும். கொல்லம் பக்கத்துக்காரர்கள் குழம்பு முடிந்ததும் பாயசத்தை எதிர்பார்ப்பார்கள், ரசமும் மோரும் அதற்கு அப்புறம்தான் அவர்களுக்கு. நம் வீடுகளில் ரசத்துக்கு அப்புறம். பேசாமல் டம்ளரில் ஊற்றி இலைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், யாருக்கு எப்போது வேண்டுமோ அப்போது குடித்துக்கொள்ளட்டும். என் தங்கை வீட்டுக்காரர், அவர் புனலூர்க்காரர், பாயசத்தை இலையில் ஊற்றி அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டதை எங்கள் பெரியம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

10. அன்று ராத்திரியும் மறுநாளும்

தேங்காய்ப்பால் சேர்ந்தது ராத்திரி வரை நிற்காது. மூன்றாம் பந்தி எழுந்ததும் மிச்சத்தை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள், தூக்குவாளியை முன்னாலேயே எடுத்து வைத்திருந்தால் சுலபம். சோறு மிஞ்சினால் மோர் ஊற்றிப் பிசைந்து கொடுங்கள்.

பாத்திரத்தை அன்றைக்கே கழுவி, எண்ணி, போட்டோவோடு சரிபார்த்துத் திருப்பிவிடுங்கள். மறுநாள் காலை பத்துக்குப் போனால் இன்னொரு நாள் வாடகை கேட்பார்கள். கரண்டிதான் தொலையும். எச்சில் இலையோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கும், இலையை மாட்டுக்காரருக்குக் கொடுக்கும் முன்னால் ஒரு தடவை கிளறிப் பாருங்கள்.

அப்புறம் அந்த நோட்டை மறுபடி எடுத்து, எது மிஞ்சியது, எது பற்றவில்லை என்று அதே பக்கத்தில் எழுதி வையுங்கள். எங்கள் நோட்டில் போன தடவைக்கு இப்படி இருக்கிறது: சோறு ஒரு கிலோ மிச்சம். அப்பளம் பற்றவில்லை. இஞ்சித் துவையல் பாதி மிச்சம், கால் கிலோ இஞ்சி போதும். தனிக் கவரில் 450 மிச்சம். டிரைவர் இரண்டு பேர்.